பின்குழல்காரன்

எங்கள் ஊரில் திக்கோனா என்கிற என்னைக் கோபக்காரன் என்று சொல்லாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி என் மனைவி பாக்சி. சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. இன்னொருவன் லாய்மி. அவன் ஊரில் இல்லாமல் போய் ஒன்பது வருஷமாகியிருந்தது.

லாய்மி என் முன்குழல், நான் அவனுடைய பின்குழல். எங்கள் ஏரிக்கரையில் நாணல் குழலை வைத்துக்கொண்டு ஒருவனே ஒரு பாட்டை முடித்துவிட முடியாது. சுரங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் ஒன்று விட்டு ஒன்று அவன் குழலில் இருக்கும், விட்டுப் போனவையெல்லாம் என் குழலில் இருக்கும். அவன் ஒன்று ஊதி நிறுத்துவான், அடுத்ததை நான் ஊதுவேன். இருவரும் மாறி மாறி ஊதினால்தான் அது பாட்டு. ஒருவன் மட்டும் ஊதினால் பல் போனவன் பேசுகிற மாதிரி இருக்கும். அதனால் முன்குழலும் பின்குழலும் கூடப் பிறந்தவர்களைவிட நெருக்கம். லாய்மி என் தங்கை கந்துத்தாவைக் கட்டியதால் எனக்கு மச்சானும்கூட. ஆனால் அவள் பிறப்பதற்கு முன்பே அவன் எனக்கு முன்குழல்.

எங்களை ஆளுகிற இன்கா ராஜாவின் ஆட்கள் கணக்கு முடிச்சுக் கயிறுகளோடு வந்து, எங்கள் ஊரில் பத்துக் குடும்பங்களைக் கிழக்கே வெப்பப் பள்ளத்தாக்குக்கு அனுப்ப வேண்டும், அங்கே ராஜாவுக்குச் சோளம் பயிரிட ஆள் போதவில்லை என்றார்கள். போனவர்கள் திரும்பி வரக் கூடாது என்பதும் உத்தரவு. அந்தப் பத்தில் லாய்மியின் வீடும் ஒன்று. கிளம்புகிற காலையில் கந்துத்தா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். லாய்மி அழவில்லை. தன் குழலை மேலாடைக்குள் செருகிக்கொண்டு என்னைப் பார்த்து இளித்தான்.

"மச்சான், எங்கிருந்து ஊதினாலும் பதில் ஊதுவியா?"

"பதில் வரலேன்னா நான் செத்துட்டேன்னு வெச்சுக்கடா. இப்பப் போய்த் தொலை."

எனக்கு அழுகை வந்தால் இப்படித்தான் வாயில் வரும். அவனுக்கு அது தெரியும். இருந்தாலும் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து யாரும் எங்கள் பக்கம் வந்ததில்லை. குழல் கூட்டத்தில் எனக்கு வேறு முன்குழலைச் சேர்த்துவைக்கப் பார்த்தார்கள். ஒருவனோடு அரை நாள் ஊதிப் பார்த்தேன். அவன் எல்லாச் சுரத்தையும் சரியான நேரத்தில் ஊதினான். லாய்மி முதல் சுரத்துக்கு எப்போதும் ஒரு இமைப்பொழுது தாமதமாக வந்து, கீழேயிருந்து அதை எட்டிப் பிடிப்பான். அந்தத் தாமதத்துக்கு என் மூச்சு பழகியிருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். "தங்கச்சி போனதுக்கு அழாதவன் மச்சான் போனதுக்கு அழுவறான்" என்று ஊரில் சிரித்தார்கள். இரண்டுக்கும்தான் அழுதேன். அதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

ஒன்பதாம் வருஷம் பயிர்க்காவல் முறை என் வீட்டுக்கு வந்தது. விதைப்பிலிருந்து அறுவடை வரை கிழங்கு வயல்களைப் பனியும் ஆலங்கட்டியும் தொடாமல் பார்த்துக்கொள்வது காவல்காரன் பொறுப்பு. மலைக்குப் படையல் வைப்பதும் அவன்தான், கெட்டது நடந்தால் ஏச்சு வாங்குவதும் அவன்தான். முதல் மழை விழுந்த அன்று வீடு வீடாகப் போய் நாணல் குழல்களையெல்லாம் வாங்கி, கட்டாகக் கட்டி என் வீட்டு உத்தரத்தில் தொங்கவிட்டேன். நாணல் சத்தத்துக்கு உறைபனி இறங்கி வரும். வறண்ட மாதங்களில் அது வரத்தான் வேண்டும். கிழங்கைப் பனியில் உறையவைத்து, மிதித்து, காயவைக்க வேறு வழியில்லை. அப்போது நாள் முழுக்க ஊதலாம். ஆனால் மழை தொடங்கியதிலிருந்து கிழங்கு தோண்டுகிற வரை நாணலில் உதடு படக் கூடாது. மரக்குழல் மட்டும் ஊதலாம், அது மழையைக் கூப்பிடும்.

விதைப்புச் சமயத்தில் சிர்பா, எங்கள் ஊர்ப் படகுக்காரன், கரையில் நாணல் அறுத்துக்கொண்டிருந்தபோது விளையாட்டாக ஒரு துண்டை எடுத்து ஒரே ஒரு முறை ஊதினான். நான் அதைப் பிடுங்கி எல்லோர் முன்னாலும் ஒடித்துப் போட்டேன். "உங்கம்மா எந்த வருஷம் செத்தான்னு மறந்துபோச்சா?" என்றும் கேட்டேன். முன்பு ஒரு வருஷம் பனி விழுந்து பயிர் கருகி, விதைக்கிழங்கையே எடுத்துத் தின்றோம். அவன் அம்மா தன் பங்கைப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவன் குனிந்து நாணலை அறுத்துக்கொண்டிருந்தான்.

கிழங்கு பூத்த மாதத்தில் சேனை வந்தது. இன்கா வடக்கே சண்டைக்கு ஆள் திரட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். ராஜபாதை எங்களுக்கு எதிர்க்கரையில், ஏரி உள்வாங்கிய இடத்துக்கு அந்தப் பக்கம் போகிறது. நிலவழியே சுற்றிப் போனால் ஒன்றரை நாள் ஆகும். காற்று அடங்கிய நேரத்தில் அங்கே நாய் குரைத்தால் இங்கே கேட்கும். சேனை அங்கே சத்திரத்தில் ஒரு ராத்திரி தங்குவதாகச் சொல்லி, எங்கள் படகுகளையெல்லாம் காய்ந்த கிழங்கு மூட்டை ஏற்றிவரச் சொன்னார்கள். மூட்டைகளை இறக்கியதும் படகோட்டிகளை மட்டும் கொண்டுவந்து விட்டுவிட்டு, படகுகளைச் சேனைக்காரர்களே திருப்பி ஓட்டிப் போய்விட்டார்கள். விடிந்ததும் தருவார்களாம்.

சிர்பா நேராக என் வயலுக்கு வந்தான். விதைப்புக்குப் பிறகு அவன் என்னோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, ஒரு சேதி. கோவப்படக் கூடாது."

"கோவப்படற சேதியா?"

"உங்களுக்கு எது சேதி, எது கோவம்னு எனக்கு எப்பத் தெரிஞ்சுது? லாய்மி அண்ணன் அங்க இருக்காரு."

மண்வெட்டி என் கையிலிருந்து விழுந்தது.

"பள்ளத்தாக்கு ஆளுங்களோட வரிசையில நிக்கறாரு. தலைமுடியெல்லாம் அவங்க மாதிரி வெட்டியிருக்கு. ஆனா நடை மாறல. வலது தோள முன்னால தள்ளிக்கிட்டு, எதையோ மறந்துட்டு எடுக்கப் போறவர் மாதிரி நடப்பாரே, அதேதான்."

"கூப்பிட்டியா?"

"எப்படிண்ணே கூப்பிட? ஈட்டிய வெச்சுக்கிட்டு ஒருத்தன் பக்கத்துலயே நிக்கறான். மூட்டையப் போட்டமா, திரும்பிப் பாக்காம ஓடுனமான்னு இருக்கணும்."

"ஒன்பது வருஷம் கழிச்சுப் பாத்திருக்க. ஒரு இருமல் இருமக் கூடாதாடா?"

"இருமுனேன்ணே. அவருக்கு முன்னால நின்ன நாலு பேரு திரும்பிப் பாத்தானுங்க. அவரு பாக்கல."

விடிந்ததும் கிளம்பி வடக்கே போய்விடுவார்கள் என்றான். படகு இல்லை. நடந்தால் எட்டாது. நான் கரை வரை போய் நின்று பார்த்தேன். எதிரே சத்திரத்துப் புகையும், எறும்பு அளவில் மனிதர்களும் தெரிந்தார்கள். அதில் ஒன்று லாய்மி என்பதை என் நெஞ்சு ஏற்றுக்கொள்ளவே இல்லை.

வீட்டுக்கு வந்தேன். பாக்சி கீன்வாத் தானியம் புடைத்துக்கொண்டிருந்தாள். சேதி அவளுக்கு எனக்கு முன்பே வந்திருந்தது.

"என்ன மேல பாக்கற?"

"எலி ஓடுச்சு."

"உத்தரத்துல எலி இல்ல. குழல் கட்டுதான் இருக்கு."

நான் அடுப்போரம் உட்கார்ந்தேன். அவள் மறுபடி புடைக்கத் தொடங்கினாள். வெளியே மதியத்துக்கு மேல் மேகமெல்லாம் கலைந்து, வானம் கழுவிவிட்டது போல ஆகிவிட்டது. காற்றும் நின்றுவிட்டது. மழைக்காலத்தில் இப்படி ஒரு சாயங்காலம் வந்தால் எங்கள் பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மேகம் மூடாத ராத்திரியில்தான் உறைபனி இறங்கும்.

பொழுது சாய்கிற நேரத்தில் அது கேட்டது.

முதல் சுரம் ஒரு இமைப்பொழுது தாமதமாக, கீழேயிருந்து எட்டிப் பிடித்துக்கொண்டு வந்தது. அடுத்து ஒரு இடைவெளி. பிறகு அடுத்த சுரம். எங்கள் பாட்டின் முதல் வரி. வரி முடிந்ததும் நின்றது.

எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். சிரித்தேன் என்று பாக்சி பின்னால் சொன்னாள். மடையன், மடையன்! சோளம் விளைகிற ஊரில் பனியும் இல்லை, பயமும் இல்லை, மாதமெல்லாம் ஒன்றுதான். ஒன்பது வருஷத்தில் எங்கள் மழைக்காலத்துச் சட்டம் அவனுக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. ஊரைப் பார்த்ததும் குழலை எடுத்துவிட்டான்.

நான் உத்தரத்தில் தொங்கிய கட்டின் கயிற்றை அறுத்து என் குழலை உருவினேன். வெளியே வந்தால் ஊரே வயல் வரப்புகளில் நின்றது. யாரும் கத்தவில்லை. சேனையைப் பார்த்துக் கத்தினால் தலை போய்விடும். எதிர்க்கரையைப் பார்ப்பதும் பயிர்க்காவல்காரனைப் பார்ப்பதுமாக நின்றார்கள். பயிர்க்காவல்காரன் கையில் நாணல் குழல்.

இரண்டாவது முறை கேட்டது. அதே வரி. அதே நிறுத்தம்.

சிர்பா பக்கத்தில் வந்து நின்றான்.

"ஊதப் போறீங்களாண்ணே?"

"ஊதுனா என்னடா?"

"ஒண்ணுமில்ல. என் வயல் உங்க வயலுக்கு அடுத்தாப்பல இருக்கு. அதான் கேட்டேன்."

நான் ஒடித்த நாணலைச் சொல்லி அவன் என்னை இடித்துக் காட்டியிருந்தால் நான் கோபத்தில் ஊதித் தொலைத்திருப்பேன். அவன் அதைச் செய்யவில்லை. பாக்சி வாசலில் நின்றபடி பேசினாள்.

"ஊதறதுன்னா ஊது. நான் தடுக்கல. நமக்கு இருக்கறது லாய்மி அண்ணன் ஒருத்தர்தான், அவரு நாளைக்குச் சண்டைக்குப் போறாரு. ஆனா கீழ ஒருதடவ பாத்துட்டு ஊது."

பார்த்தேன். மேட்டிலிருந்து கரை வரை ஒரே பூ. இனிமேல்தான் மண்ணுக்குள் கிழங்கு திரள வேண்டும்.

நான் பதில் ஊதினால் அவன் நிறுத்த மாட்டான், அடுத்த வரிக்குப் போவான். நானும் போவேன். எங்களைத் தெரியும் எனக்கு. இருட்டுகிற வரை இரண்டு கரையிலும் நாணல் கத்திக்கொண்டிருக்கும், மேலே வானம் திறந்து கிடக்கிறது. ஊதாவிட்டால் அவன் ஓய்ந்துவிடுவான். ஓய்ந்து என்ன நினைப்பான் என்பதையும் நானே என் வாயால் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

மூன்றாவது முறை கேட்டது. குழலை உதட்டில் வைத்தேன். மூச்சு மார்புவரை வந்துவிட்டது. அதை விடவில்லை.

திடீரென்று ஒரு யோசனை தோன்றி வீட்டுக்குள் ஓடி மரக்குழலை எடுத்துவந்தேன். மழைக்காலத்தில் மரக்குழல் ஊதுவது குற்றமில்லை. அவன் விட்ட இடைவெளிகளில் என் சுரங்களை மரக்குழலில் ஊதினேன். மரக்குழலுக்குக் கனத்த தொண்டை, எங்கள் பாட்டின் மேல் சுரங்கள் அதில் வராது. வந்த மட்டும் ஊதினேன். முகமெல்லாம் வியர்த்தது. எதிர்க்கரையில் சத்தம் நின்றது.

"புரிஞ்சுக்கிட்டான்!" என்று கத்தினேன். "மரக்குழல் மாசம்னு புரிஞ்சுக்கிட்டான்! அவன் ஒண்ணும் முட்டாள் இல்ல, புள்ள!"

பாக்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது அவன் மறுபடி தொடங்கினான். இந்தத் தடவை முதல் வரியோடு நிற்கவில்லை. இரண்டாவது வரிக்குப் போனான், மூன்றாவதுக்குப் போனான். என் இடங்களையெல்லாம் வெறுமனே விட்டுவிட்டு, ஆனால் அவற்றின் நேரத்தைக் கொஞ்சமும் குறைக்காமல், மெதுவாக ஊதிக்கொண்டே போனான். ஊரில் இருந்த வயதான பெண்கள் தலைத்துணியை இறக்கி முகத்தை மூடிக்கொண்டார்கள். பின்குழல்காரன் செத்தால் முன்குழல்காரன் குழியோரம் நின்று இப்படித்தான் ஊதுவான். செத்தவனுடைய சுரங்களை அவன் இடத்திலேயே விட்டுவைத்து, பாட்டை ஒரே ஒரு தடவை முழுசாக முடிப்பான். மரக்குழலைக் கேட்டு அவன் என்ன நினைத்திருப்பான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. திக்கோனா உயிரோடு இருந்தால் அவன் கையில் நாணல் அல்லவா இருக்கும்? இது யாரோ ஊர்க்காரன், பாவம் பார்த்துச் சேதி சொல்கிறான்.

என் சாவுக்கு என் முன்குழல் ஊதியதை நான் நின்று கேட்டேன். நன்றாக ஊதினான். ஒரு சுரம் பிசகவில்லை. ஒவ்வொரு இடைவெளியிலும் என் உதடு தானாக அசைந்தது, சத்தமில்லாமல் காற்று மட்டும் போனது. பாட்டு முடிந்த பிறகு எதிர்க்கரையில் ஒன்றுமே கேட்கவில்லை. நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று சத்தம் போட்டு அழுதேன்.

அன்று ராத்திரி மேகம் வந்து மூடியது. பனி விழவில்லை. விடிந்ததும் படகுகள் வந்தன, சேனை போயிருந்தது.

அந்த வருஷம் கிழங்கு ஒரு கையில் அடங்காத அளவுக்கு விளைந்தது. ஊர்த்தலைவர் சோளக்கள்ளை முதலில் என் கையில் கொடுத்து, காவல்காரன் என்றால் இவன்தான் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன். மேகம் எப்படியும் வந்திருக்குமோ என்னவோ, அதை யார் சொல்ல முடியும்? சிர்பா மட்டும் அவன் வயலில் முதலில் தோண்டிய கிழங்கில் ஒரு கூடை கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த வருஷம் எங்கள் கரையில் இன்காவின் களஞ்சியம் எழும்பியது. பள்ளத்தாக்கிலிருந்து பொதி சுமக்கும் லாமாக்களின் மேல் சோளம் வரத் தொடங்கியது. ஓட்டி வந்தவன் வாங்கா என்கிற ஒரு வளவளா ஆள். லாய்மியைத் தெரியுமா என்றேன்.

"தெரியாம என்னங்க? எங்க வீட்டுக்கு நாலாவது வீடு. ஆனா வடக்கே போனவங்கள்ல ஒருத்தரும் இன்னும் திரும்பலீங்க."

"திரும்பி வந்தா ஒரு சேதி சொல்லணும்."

"சொல்லுங்க."

நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லச் சொல்லலாம். அப்படியானால் அன்றைக்கு ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று அவன் கேட்பானே? செத்தவன் பதில் சொல்லாதது பொறுத்துக்கொள்ளக் கூடியது. உயிரோடு இருந்தவன் கேட்டுக்கொண்டே சும்மா நின்றான் என்பது? லாமாக்களின் சுமை இறக்குகிற வரை நின்று யோசித்தேன்.

"அன்னிக்குக் கிழங்கு பூத்திருந்துச்சுன்னு சொல்லு."

"அவ்வளவுதானா?"

"அவனுக்கு அது போதும்."

"யாரு சொன்னதுன்னு சொல்ல?"

"வேற எவன்டா சொல்லுவான்?" என்று அவன்மேல் பாய்ந்தேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்! பிறகு வழியில் மெல்லுவதற்கு அவனுக்குக் கை நிறையக் கோக்கா இலை கொடுத்து அனுப்பினேன்.

இந்த வருஷம் வாங்கா மறுபடி வந்தான். தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டான். லாய்மி வரவில்லை. வடக்கே போனவர்களில் மூன்று பேர் வந்தார்களாம், அந்த மூவரில் அவன் இல்லையாம். நான் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"இருங்க. அவரு பொண்டாட்டிகிட்ட உங்க சேதியச் சொன்னேன்."

நின்றேன்.

"ஏரிக்கரையில அவரு மச்சானுக்குச் சாவுப்பாட்டு ஊதுனத அந்த மூணு பேரும் வந்து அவங்ககிட்டச் சொல்லியிருந்தாங்களாம். முதல்ல சும்மா கேட்டுக்கிட்டிருந்தாங்க. அப்புறம் கீழ உக்காந்துட்டாங்க. 'எங்கண்ணன் இருக்கு'ன்னு அழுதாங்க, சிரிச்சாங்க. 'நாங்களா இத மறந்தோம், நாங்களா மறந்தோம்'னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. அவரு வந்ததும் அவங்களே சொல்லிக்கறாங்களாம்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. எனக்குக் கேக்கவே கூச்சமா இருக்கு, ஆனா மறக்காமக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அன்னிக்கு அந்தப் பூவெல்லாம் என்ன நிறமா இருந்துச்சுன்னு கேட்டாங்க."

அவன் கையைப் பிடித்து வயல் மேட்டுக்கு இழுத்துப் போனேன். தோண்டி முடித்த வெறும் மண்தான் கிடந்தது. ஒவ்வொரு வரப்பாகக் கைகாட்டிச் சொன்னேன்.

"மேட்டுல எல்லாம் ஊதா. அவங்க வீட்டுப் பழைய வயல், அதோ அந்தக் கல்லுக்குப் பக்கத்துல, அது வெள்ளை. கரையோரம் ரெண்டும் கலந்து இருந்துச்சு. சொல்லு பாப்போம், ஒருதடவ திருப்பிச் சொல்லு."

வாங்கா திருப்பிச் சொன்னான். வெள்ளையை இடம் மாற்றிச் சொன்னான். நான் அவனை மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தேன்.